இரும்புக்கையும் தீப்பெட்டிப் படமும்

சென்னை சென்ட்ரலில் திருவொற்றியூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் மின்ரயில்கள் புறப்படும் புறநகர் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அன்றாடம் அங்கே வண்டி பிடிக்கிறவர்களில் இளையவர்களுக்கு அது எந்த மார்க்கெட் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. 1900-இல் திறக்கப்பட்டு, 1985 மே 30 அன்று தீக்கிரையான ஒரு செந்நிறக் கட்டடத்தின் பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. பழைய கிராமபோன் தட்டு, வளர்ப்புப் புறா, கைமாறிய கடிகாரம் என்று எல்லாமும் விற்ற அந்தச் சந்தையில் பழைய புத்தகக் கடைகளுக்குத் தனிப் புகழ் உண்டு. எரிந்தபின் வியாபாரிகள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சந்தை இருந்த இடத்தில் ரயில் நிலையம் எழுந்தது.

காமிக்ஸ் சேகரிக்கத் தொடங்கலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளம் நண்பர்கள் அவ்வப்போது உண்டு. அவர்களில் பலர் எழுதவும் விரும்புகிறவர்கள். அவர்களிடம் இந்த நிலையத்திலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. வாங்குவதற்கு அங்கே இப்போது ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் காமிக்ஸ் எப்படி வந்தது, எப்படி வாசிக்கப்பட்டது, எப்படிக் காணாமல் போனது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ரயில் பாதையின் இரு முனைகளிலும் கிடக்கிறது.

பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் என்று வடக்கே போகும் பாதையில் திருவொற்றியூருக்கு அடுத்த நிலையம் விம்கோ நகர். ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ஊர்ப்பெயராகி, 2021-இல் மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயருமாகிவிட்டது. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1923-இல் தோன்றியது விம்கோ. இயந்திரங்களால் தீக்குச்சி செய்யும் அதன் ஆலைகளில் ஒன்று இங்கே அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த ஊரில் கைத்தொழிலாக அது பரவியது. ஒரு பக்கம் திருவொற்றியூரின் இயந்திரத் தீக்குச்சி, மறுபக்கம் சிவகாசியின் கைத் தீக்குச்சி. இரண்டும் ஒரே பெட்டிக்கடையில், ஒரே கயிற்றுத் தணலுக்கு அருகில் விலைபோயின.

இதற்கும் காமிக்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட ஒரு படம் வேண்டும். எழுத்தறியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்கத்தக்க படமாக அது இருக்க வேண்டும். பல வண்ணத்தில், லட்சக்கணக்கில், மலிவாக அச்சாக வேண்டும். இந்தத் தேவைதான் சிவகாசியை அச்சகங்களின் ஊராக்கியது. தீப்பெட்டி லேபிளில் தொடங்கி, பட்டாசுப் பெட்டி, நாட்காட்டி, சுவரொட்டி என்று வளர்ந்த அந்த அச்சுத் தொழிலின் மடியில்தான் தமிழ்க் காமிக்ஸும் பிறந்தது. சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், தமிழ்க் காமிக்ஸ் வரலாற்றின் திருப்புமுனை. அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'.

தீப்பெட்டிப் படம் சேர்க்காத சிறுவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. தெருவில் பொறுக்கி, ஈரத்தில் ஊறவைத்து உரித்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவார்கள். சேகரிப்பின் இலக்கணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. தேடல், வகைப்படுத்தல், பண்டமாற்று, பாதுகாப்பு. காசு மட்டும் அதில் இல்லை. காமிக்ஸ் சேகரிக்க வருகிறவர் இந்தப் பாலபாடத்தை மறந்துவிடக் கூடாது.

முத்து காமிக்ஸ் வெளிவருவதற்கு முன்பே தமிழ் வாசகனுக்குப் படக்கதை அறிமுகமாகியிருந்தது. 'தினத்தந்தி'யின் 'கன்னித்தீவு' 1960 முதல் நாள்தோறும் சில கட்டங்களாக வந்துகொண்டிருந்தது. முடிவே இல்லாத எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் வழக்கு அதன் கொடை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964-இல் ஆங்கிலத்தில் தொடங்கிப் பின்னர் தமிழிலும் வந்தது. ஆனாலும் கையடக்கமான ஒரு புத்தகமாக, முழுநீளக் கதையாக, இது எனக்கானது என்று தமிழ்ச் சிறுவன் உணர்ந்தது முத்து காமிக்ஸைத்தான்.

மாயாவியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லூயி கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, அங்கே இரும்புக்கை பொருத்தப்பட்டவன். பெரும் மின்சாரம் பாய்ந்தால் அவனது உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். முதலில் அவன் குற்றவாளியாகவே அலைகிறான், பிறகு உளவாளியாகிறான். இந்தக் கதை இங்கிலாந்தில் 'வாலியண்ட்' வார இதழில் 1962-இல் தொடங்கியது. தமிழில் வந்த 1972-இல், எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. (2017-இல் அது மூடப்பட்டது.) வார்ப்பாலைகளும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதியில் எந்திரத்தில் விரல் இழப்பது கற்பனைச் செய்தி அன்று. அப்படியொரு ஊரில் இழந்த கையே வல்லமையாகிவிடும் கதை என்ன பொருள் தந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். லண்டன் சிறுவனுக்கு அது விசித்திரக் கதை. ஷிப்டு முடிந்து வரும் தகப்பனின் கையைப் பார்த்து வளரும் சிறுவனுக்கு அதில் வேறு ஏதோ இருந்திருக்கும்.

இந்தப் பக்கங்கள் தமிழுக்கு வந்த விதத்திலும் எழுத விரும்புகிறவர் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பிரிட்டிஷ் வார இதழ்களில் ஒரு கதைக்கு வாரத்துக்கு இரண்டு பக்கம், சில சமயம் மூன்று பக்கம்தான் இடம். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஏதேனும் ஆபத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சிறுவன் காசு தரமாட்டான். அந்த வாரங்களையெல்லாம் ஒன்றாகத் தைத்து, தமிழில் ஒரே புத்தகமாக வெளியிட்டார்கள். எனவே தமிழ் வாசகன் இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் கதையை ஒரே மூச்சில் படித்தான். ஆங்கிலத்தில் ஆறு நாள் காத்திருப்பாக இருந்தது தமிழில் மூச்சிரைப்பாக மாறியது. புத்தக அளவுக்கு ஏற்பக் கட்டங்கள் இடம் மாறின. படங்களின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வசன பலூன்கள் நெருக்கியடித்தன. நாம் படித்த மாயாவி, மூலத்தின் நிழல் என்பதைவிட, கத்தரியும் பசையும் கொண்டு இங்கே ஒருவர் மறுபடி செய்த நூல் என்பதே சரி.

ஆனால் அந்த ஒருவரின் பெயர் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான சேகரிப்பு தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பழைய பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் பொதுவாக அச்சிடப்படவில்லை. பதிப்பகத்தாருக்கு அது வசதி. மாயாவியை முதலில் எழுதியவர் கென்னத் புல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், அடுத்து டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. பிரான்கோவின் ஸ்பெயினில் இருந்துகொண்டு லண்டன் பத்திரிகைக்கு வரைந்த அந்த ஓவியரின் கரிய நிழல்களைத்தான் சிவகாசி மறு அச்சாக்கியது. ராயபுரத்துச் சிறுவன் விளக்கடியில் வைத்து நகலெடுத்து வரைந்து பார்த்தான். அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. முதலில் படித்த லண்டன் சிறுவனுக்கும் தெரியாது.

இதைவிடத் துயரமான கதை ஒன்று உண்டு. 1984 ஜூலையில், சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி பிளைசி வந்தாள். விரைவிலேயே லயனின் பெரும் நட்சத்திரமாக ஆனவன் ஸ்பைடர். கூர்ந்த காதும் வலைத் துப்பாக்கியுமாக நியூயார்க்கை அடிமைப்படுத்தக் கிளம்பிய குற்றச் சக்கரவர்த்தி. பின்னர் மனம் மாறிக் குற்றவாளிகளையே வேட்டையாடியவன். 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைய, இந்தத் தொடர் ஆரம்பமானது. சில மாதங்களில் எழுதும் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அவர் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர்.

1938-இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் அந்த இரு இளைஞர்கள் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாத்திரம் கோடிகளை ஈட்டியது. உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தபோது அவர்களுக்கு வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று. கிடைத்த இடத்தில் எழுதிப் பிழைக்க வேண்டிய நிலையில்தான், 1960-களின் நடுவில், கடல் கடந்த ஒரு வார இதழுக்குப் பெயரில்லாமல் ஸ்பைடரை எழுதினார் சீகல். 1970-களில் கலிபோர்னியாவில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தராக இருந்தார். 1975-இல் அவர் பகிரங்கமாக முறையிட்டு, சக ஓவியர்கள் துணைநின்ற பிறகே வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும் இசைந்தது.

ஆக, உலகின் மிகப் புகழ்பெற்ற நாயகனைப் படைத்துவிட்டு அதை இழந்த ஒருவர், பெயரின்றி எழுதிய கதையைத் தமிழ்ச் சிறுவர்கள் நெஞ்சோடு அணைத்துப் படித்தார்கள். அவர் சாகும்போது, 1996-இல், சிவகாசி என்று ஓர் ஊர் இருப்பதும் அங்கே தன் கதைக்கு அத்தனை வாசகர்கள் விளைந்ததும் அவருக்குத் தெரிந்திருக்குமா? எழுத நினைக்கும் எவரும் இந்தக் கதையைத் தம் சேகரிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்ற நடைமுறைப் பாடம் ஒருபுறம் இருக்கட்டும். பெயர் அழிக்கப்பட்ட பிறகும் வேலையைச் சுத்தமாகச் செய்த கைகளின் மீது ஒரு மரியாதை வேண்டும். அது இல்லாமல் செய்யும் சேகரிப்பு, பழைய காகிதத்தைப் புது விலைக்கு வாங்குவது மட்டுமே.

நம் பக்கத்திலும் இதே இருள் உண்டு. முத்து காமிக்ஸின் தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசனின் பெயரைக் காமிக்ஸ் வாசகர்கள் அறிவார்கள். அவருக்கு வெளியே தமிழிலக்கிய வரலாறு அவரைக் கண்டுகொள்ளவில்லை. 'வாண்டுமாமா' என்ற வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014) தமிழிலேயே சித்திரக்கதைகளைக் கற்பனை செய்து எழுதினார். 1984-இல் தொடங்கிய 'பூந்தளிர்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். குழந்தை எழுத்து என்ற ஒற்றைச் சொல்லால் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டோம். பலூனுக்குள் கையால் தமிழ் எழுதியவர்களையும், வெட்டி ஒட்டியவர்களையும் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லயன் தொடங்கிய அதே 1984 ஜூலையில்தான் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்டுடன் சென்னையிலிருந்து புறப்பட்டது. மாதம் இருமுறை, பேருந்துச் சீட்டுக்கு ஆகும் காசில். 2005-இல் நிற்பதற்குள் 500 இதழ்கள். தமிழ்க் காமிக்ஸின் பெருவெள்ளம் என்று சொல்லத்தக்க அந்த ஆண்டு முடிந்து சில மாதங்களில் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தத் தீ ஒரே இரவில் செய்ததை மற்ற இடங்களில் எடைக்கல் மெதுவாகச் செய்தது. படித்து முடித்த இதழ் நண்பனுக்குப் போகும், வாடகை நூலகத்துக்குப் போகும், அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பட்டாணிப் பொட்டலமாகத் திரும்பும். 500 இதழ் வந்தும் ஒரு முழு வரிசை கிடைப்பது இன்று அரிதாக இருப்பதன் காரணம் இதுதான். தமிழ் வீடுகள் தொடர்கதைகளைக் கிழித்துப் பைண்டு செய்து காத்தன. காமிக்ஸுக்கு அந்த மரியாதையைச் செய்தவர்கள் சிலரே.

அப்படியானால் புதியவர் எங்கே தொடங்குவது? முதல் இதழிலிருந்து தொடங்க வேண்டாம். 1970-களின் முத்து காமிக்ஸ் நல்ல நிலையில் கிடைத்தால் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். நகலெடுத்து அட்டை போட்டு விற்பவர்களும் உண்டு. மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்புகளாக வந்திருக்கின்றன. லயன்–முத்து 2012 முதல் புத்துயிர் பெற்று, டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் என்று இத்தாலிய, பிராங்கோ-பெல்ஜிய வரிசைகளைத் தரமான தாளில் தருகிறது. படிப்பதற்கு அவை போதும். அதன்பின் ஒரே ஒரு நூலிழையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஓர் ஓவியர், அல்லது ஓர் எழுத்தாளர், அல்லது ஒரே பாத்திரம். இழை இருந்தால் ஐம்பது புத்தகமே ஒரு சேகரிப்பு. இல்லாவிட்டால் ஐந்நூறும் மூட்டைதான்.

பாத்திரத்தைப் பிடிப்பவர் பெயர்க் குழப்பத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கையன். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரர். அதே முகமூடி வீரர் முத்துவில் வேதாளர். லெப்டினன்ட் புளூபெரி என்று பிரெஞ்சில் உலவியவர்தான் நம் கேப்டன் டைகர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நோட்டில் அரைப்பக்கம் ஒதுக்கி, தமிழ்த் தலைப்பு, மூலப் பாத்திரம், எழுதியவர், வரைந்தவர், வாங்கிய இடம் இவற்றைக் குறித்து வையுங்கள். பதிப்பாளர் விட்டுவிட்ட பெயரை வாசகர் எழுதிச் சேர்க்கலாம். சேகரிப்பின் மதிப்பு அலமாரியில் பாதி, இந்த நோட்டில் பாதி.

ஒன்றைப் பாதுகாப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதம். தானே பழுத்து ஒடியும். கடற்காற்று வீசும் ராயபுரத்திலும் எண்ணூரிலும் பின் கம்பி விரைவில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். கம்பியை மெல்ல நீக்கிப் பருத்தி நூலால் தைப்பது நல்லது. செலோடேப் ஒட்டவே கூடாது. சுவரை ஒட்டாமல், வெயில் படாமல், அவ்வப்போது எடுத்துப் புரட்டி வைத்தால் ராமபாணப் பூச்சி அண்டாது. படிக்கப்படும் புத்தகமே நெடுநாள் வாழும்.

பெரிதாகத் தொடங்க வசதியில்லையே என்பவர்களுக்கு ரோஜா முத்தையாவை நினைவூட்டலாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அந்த ஓவியர், 1950-களிலிருந்து பழைய நூல்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று பிறர் எறிந்த அச்சுத் தாள்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-இல் அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எழுதுவோர் அந்தக் குப்பைக்குக் கடன்பட்டவர்கள்.

எழுத விரும்புகிறவருக்குக் கடைசியாக ஒன்று. ஒரு பக்கத்தின் பலூன்களையெல்லாம் துண்டுத் தாளால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் படியுங்கள். பிறகு உங்கள் சொற்களை எழுதுங்கள். படம் சொல்லிவிட்டதைச் சொல் மறுபடி சொன்னால் அடித்துவிடுங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே கதையை முடித்துக்கொள்கிறார் என்று ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் விளக்கினார். எதைச் சொல்லாமல் விடுவது என்று அந்த இடைவெளி கற்றுத் தருவதைப் பல சிறுகதைப் பட்டறைகள் கற்றுத் தருவதில்லை.

பிறகு விம்கோ நகர் ரயிலில் ஏறி, சன்னலோரம் அமர்ந்து வெளியே பாருங்கள். சரக்குப் பெட்டகங்கள், புகைபோக்கிகள், குறுக்குச் சந்துகள், தூரத்தில் கடல். நியூயார்க்கின் ஒவ்வொரு மாடியிலும் ஸ்பைடர் தாவியிருக்கிறான். இந்த ஊரைத் திரைப்படம் 2018-இல் 'வடசென்னை' என்றும் 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' என்றும் கண்டுகொண்டது. சித்திரக்கதைக்கு இங்கே பெரும்பாலும் வெற்றுக் கட்டங்களே மிச்சம். அவற்றை நிரப்பப் போகிறவர், சேகரித்த புத்தகங்களிலிருந்து வேகத்தையும் நிழலையும் கற்றுக்கொண்டு வரட்டும். வரைகிறவரின் பெயரோடு தன் பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.